டைனாகோ ஸ்டீரியோ 70: ஹம் அடிக்கிற பழைய வால்வு ஆம்ப்பை வாங்கலாமா?

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கும் டைனாகோ ஸ்டீரியோ 70 என்ற பழைய அமெரிக்க வால்வு ஆம்ப்ளிஃபையர் ஹம் அடிக்காது, அதாவது பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கரில் விடாமல் 'ம்ம்' என்று இரையாது. "வால்வு ஆம்ப் என்றாலே கொஞ்சம் இரையும், பழைய பொருள்தானே, போகப்போகப் பழகிவிடும்" என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் லேசான முனகல் ஒன்று கேட்கலாம். அதற்கு மேல் கேட்டால் உள்ளே ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடிக்கவும் முடியும், பெரும்பாலும் சரிசெய்யவும் முடியும். நான் அமெரிக்காவில் இரண்டாம் கையாக வாங்கிய ஸ்டீரியோ 70, ஹாலின் மறுகோடியில் உட்கார்ந்திருந்தாலே கேட்கிற அளவுக்கு இரைந்துகொண்டிருந்தது. இப்போது அதே ஆம்ப் ஆன் ஆகியிருக்கிறதா என்று வால்வு வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் ஹம் பற்றித்தான் இருக்கும், ஏனென்றால் இந்த ஆம்ப்பை வாங்குகிற யாருக்கும் முதல் வேலை அதுதான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் டேவிட் ஹாஃப்லர் தொடங்கிய டைனாகோ 1959-ல் இதை வெளியிட்டது. சேனலுக்கு 35 வாட், ஒவ்வொரு சேனலுக்கும் ஸ்பீக்கரை ஓட்டுகிற ஒரு ஜோடி இஎல்34 அவுட்புட் வால்வு, அவற்றுக்குச் சிக்னலை ஊட்டுகிற ஒரு 7199 டிரைவர் வால்வு, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஏசியை டிசி ஆக்குகிற ஒரே ஒரு ஜிஇசட்34 ரெக்டிஃபையர் வால்வு. கிட்டாக, அதாவது உதிரி பாகங்களாக வாங்கி வீட்டில் நாமே பற்றவைத்துக்கொண்டால் 99.95 டாலர். அந்தக் காலத்தில் நல்ல ஸ்டீரியோ பவர் ஆம்ப்புக்கு இது குறைந்த விலை, அதனால்தான் இது இவ்வளவு வீடுகளுக்குள் போனது, அதனால்தான் இன்றும் தேடினால் கிடைக்கிறது.

இந்தக் கிட் விஷயத்தைக் கவனியுங்கள். நடுவில் இருக்கும் டிரைவர் சர்க்யூட் போர்டு மட்டும் கம்பெனியிலிருந்தே தயாராக வந்தது. மற்ற வயரிங் முழுக்க, அதாவது ட்ரான்ஸ்ஃபார்மர் வயர்கள், வால்வுகளைச் சூடாக்குகிற ஹீட்டர் வயர்கள், இன்புட் சாக்கெட், எர்த் எல்லாமே வாங்கியவர் கையால் பற்றவைத்தது. ஒருவர் ஹீட்டர் வயரை இறுக்கி முறுக்கி சேசிஸ் என்கிற இரும்புப் பெட்டியின் மூலையோடு ஒட்டி ஓட்டியிருப்பார், இன்னொருவர் அதையே இன்புட் வயருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். ஆகவே "ஸ்டீரியோ 70 எப்படி?" என்று பொதுவாகக் கேட்பதில் பாதிதான் பயன். அடிமூடியைத் திறந்து அதைக் கட்டியவரின் கைவேலையைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். என்னுடையதைக் கட்டியவர் பொறுமைசாலி, சால்டர் எல்லாம் பளபளவென்று இருந்தது, ஹீட்டர் வயர்கள் ஒழுங்காக முறுக்கியிருந்தன. கெட்டது எல்லாம் அதன் பிறகு வயதாலும், யாரோ இடையில் அரைகுறையாகக் கைவைத்ததாலும் வந்தவை.

இனி ஹம். எதையும் மாற்றுவதற்கு முன்னால் காதால் கேட்டு இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அது உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா, அதன் சுருதி எது. முதலாவதற்கு வழி எளிது. இரண்டு ஆர்சிஏ ப்ளக் வாங்கி, நடு முனையையும் வெளி வளையத்தையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பற்றவைத்து, ஆம்ப்பின் இரண்டு இன்புட்டிலும் செருகுங்கள். ஹம் நின்றுவிட்டால் பெரும்பாலும் ஆம்ப் மேல் குற்றமில்லை, அதற்கு முன்னால் செருகுகிற ப்ரீஆம்ப்பையோ கேபிளையோ எர்த்தையோ பாருங்கள். நிற்காவிட்டால் ஆம்ப்புக்குள்ளே. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே ஆயிரக்கணக்கில் செலவழித்து கேபிள் மாற்றுகிறவர்களைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, சுருதி. அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. பவர் சப்ளை ஏசி அலையின் இரண்டு பாதியையும் பயன்படுத்துகிற முழு அலை ரெக்டிஃபையர் என்பதால், அது தருகிற டிசியில் மிச்சமிருக்கும் ஏற்ற இறக்கமான சிற்றலை இருமடங்கு, அதாவது 120 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 100. ஹீட்டரிலிருந்தும் கெட்டுப்போன இன்புட் எர்த்திலிருந்தும் நுழைகிற ஹம் பெரும்பாலும் 60. காதுக்கு 60 என்பது வயிற்றில் உணர்கிற மாதிரி ஆழமாக, மொத்தையாக இருக்கும். 120 கொஞ்சம் மேலே, கரகரப்போடு சேர்ந்து வரும். காதை நம்பாதவர்கள் போனில் இலவசமாகக் கிடைக்கும் ஸ்பெக்ட்ரம் ஆப் ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முன்னால் வைத்தால் எந்த எண்ணில் முள் நிற்கிறது என்று தெரிந்துவிடும். ஒரு விதிவிலக்கு: இஎல்34 எவ்வளவு கரண்ட் இழுக்க வேண்டும் என்று கட்டுப்படுத்துகிற பயஸ் சப்ளை இந்த ஆம்ப்பில் ஒரு பாதியை மட்டும் பயன்படுத்துகிற அரை அலை ரெக்டிஃபையர், ஒரு செலினியம் துண்டும் இரண்டு சின்ன எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சரும்தான். அந்தக் கண்டென்சர்கள் காய்ந்துபோனால் வருவதும் 60 தான். அதனால் 60 என்று கேட்டவுடனே ஹீட்டர்தான் என்று முடிவுகட்டிவிட வேண்டாம்.

என் ஆம்ப்பில் ப்ளக்கைச் செருகிய பிறகும் இரண்டு பக்கமும் இரைந்தது, இடது பக்கம் இன்னும் பலமாக, 120 ஹெர்ட்ஸ். சப்ளை என்று தெரிந்துவிட்டது. இந்த ஆம்ப்பில் அதற்கு முதல் சந்தேகம் எப்போதும் ஒருவர்தான்: மேலே நிற்கிற அந்தப் பெரிய அலுமினிய டப்பா. ஒரே டப்பாவுக்குள் நான்கு கண்டென்சர், ஒரு 30 மைக்ரோஃபாரட், மூன்று 20 மைக்ரோஃபாரட், 525 வோல்ட். அடியில் திருப்பிப் பார்த்தால் முனைகளுக்குப் பக்கத்தில் அரைவட்டம், சதுரம், முக்கோணம் என்று அடையாளம் வெட்டியிருக்கும், எது எந்தப் பிரிவு என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். என்னுடையதில் முக்கோணத்துக்குப் பக்கத்தில் பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி கசிந்து இறுகிப்போயிருந்தது. அறுபது வருடம் ஆன எலக்ட்ரோலிட்டிக் இதைவிட என்ன சொல்ல வேண்டும்?

இதற்கு அதே அளவில், அதே துளையில் உட்காருகிற புது டப்பாக்கள் இன்றும் தயாராகின்றன, அதையே வாங்குங்கள். பழைய டப்பாவை அப்படியே விட்டுவிட்டு அதற்கு இணையாக அடியில் புதுக் கண்டென்சரைப் பற்றவைக்கிற குறுக்குவழியைச் சிலர் செய்வார்கள். ஹம் குறையும், ஆனால் உள்ளே கசிந்துகொண்டிருக்கும் பழையது ஒருநாள் ஷார்ட் ஆகி ரெக்டிஃபையரையும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக்கொண்டு போகும். அப்புறம், "பெரியதாகப் போட்டால் இன்னும் நல்லது" என்று முதல் பிரிவில் 200, 300 மைக்ரோஃபாரட் போடாதீர்கள். ஜிஇசட்34-க்கு முதல் கண்டென்சர் 60 மைக்ரோஃபாரடைத் தாண்டக்கூடாது என்று வால்வு தயாரித்தவர்களே வரம்பு வைத்திருக்கிறார்கள். தாண்டினால் ஆன் செய்கிற நேரத்தில் இழுக்கிற கரண்ட்டில் வால்வுக்குள் பொறி பறக்கும்.

டப்பாவை மாற்றி, கூடவே பயஸ் கண்டென்சர்களையும் செலினியத்தையும் மாற்றியதும் வலது பக்கம் சுத்தமாக அடங்கிவிட்டது. செலினியத்துக்குப் பதில் சிலிக்கான் டயோடு போட்டால் பயஸ் வோல்டேஜ் மாறும், அதனால் பயஸை மறுபடி வைக்காமல் பாட்டுப் போடக்கூடாது. இடது பக்கம் மட்டும் அதே 120-ல் தொடர்ந்து இரைந்தது. இந்த இடத்தில்தான் ஸ்டீரியோ 70-ன் ஒரு குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும், இதைப் பலரும் தவறவிடுகிறார்கள்.

ஒரு ஜோடி வால்வு மாறிமாறித் தள்ளியும் இழுத்தும் வேலை செய்கிற இது மாதிரியான புஷ்புல் ஆம்ப்பில் இரண்டு இஎல்34-க்கும் மின்சாரம் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் நடு முனையிலிருந்து போகிறது. சப்ளையில் சிற்றலை இருந்தாலும் அது இரண்டு பாதியிலும் எதிரெதிராக ஓடி, ட்ரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு வால்வும் சமமாக இழுக்கும்வரை. ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் இழுத்தால் அழியாமல் மிஞ்சுவது ஸ்பீக்கருக்குப் போகும், அதுதான் ஹம். டைனாகோவில் ஒரு ஜோடிக்கு ஒரே பயஸ் திருகுதான், ஒரே 15.6 ஓம் ரெசிஸ்டர்தான். முன்பக்கம் இருக்கும் எட்டு பின் சாக்கெட்டில் மீட்டரை வைத்து 1.56 வோல்ட் வரும்வரை திருகினால் இரண்டு வால்வுக்கும் சேர்த்து 100 மில்லியாம்பியர் என்று கணக்கு. புது டார்ச் பேட்டரியிலும் ஏறத்தாழ அதே வோல்டேஜ்தான் இருக்கும் என்பதால் மீட்டரைச் சரிபார்க்க அதுவே போதும், அருமையான ஏற்பாடு. ஆனால் அந்த 100-ஐ இருவரும் எப்படிப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள் என்று அது சொல்லாது.

என் இடது பக்கத்தில் மீட்டர் அழகாக 1.56 காட்டியது. ஒவ்வொரு வால்விலும் கரண்ட் கடந்து போகிற கேத்தோடு முனையில் தனித்தனியாக 10 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்தபோதுதான் ஒன்று 70 மில்லியாம்பியரை ஒட்டியும் இன்னொன்று 30-ஐ ஒட்டியும் இழுத்துக்கொண்டிருந்தது தெரிந்தது. கூட்டினால் நூறு! விற்றவர் "பயஸ் எல்லாம் கரெக்டா இருக்கு, டெஸ்ட் பண்ணியாச்சு" என்று சொன்னது பொய்யில்லை, ஆனால் பிரயோஜனமும் இல்லை. ஜோடி பார்த்து எடுத்த இஎல்34 ஒரு செட் போட்டதும் இடது பக்கமும் அடங்கியது. வால்வு வாங்கும்போது நான்கும் ஒத்துப்போகிறவையாகக் கேட்டு வாங்குங்கள். இந்த ஆம்ப்புக்குப் பெயர் பெற்ற பழைய வால்வு வேண்டும் என்று கட்டாயமில்லை, ஒத்துப்போகிற வால்வு வேண்டும்.

7199 பக்கம் எனக்குப் பிரச்சினை வரவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு இருக்கும் அதில், ட்ரையோடு என்ற பாதியின் கேத்தோடு நூறு வோல்ட்டை ஒட்டி உயரத்தில் நிற்கும், ஹீட்டரோ எர்த்துக்குப் பக்கத்தில். வயதான வால்வில் இந்த இரண்டுக்கும் நடுவில் லேசாகக் கசிவு வந்தால் 60 ஹெர்ட்ஸ் நேராகச் சிக்னலில் ஏறும். சோதிப்பது சுலபம்: ஆஃப் செய்து, இடது வலது 7199-ஐ இடம் மாற்றிப் போடுங்கள், ஹம்மும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி அவர்தான். இரண்டையும் கழற்றிவிட்டும் ஆன் செய்து பார்க்கலாம், பயஸ் தனியாக வருவதால் இஎல்34-க்கு ஆபத்தில்லை. அப்போது ஹம்மையும் சேர்த்து அடக்குகிற ஃபீட்பேக் இல்லாததால் மிச்ச ஹம் சற்று கூடுதலாகவே கேட்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பிற்காலத்தில் தயாரித்த 7199 எல்லாம் ஒரே தரத்தில் இல்லை, பழைய ஸ்டாக் விலை ஏறிக்கொண்டே போகிறது. இந்த ஆம்ப்பின் நிஜமான பலவீனம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

ஹீட்டர் சுற்றின் நடு முனை சேசிஸில் நன்றாக இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். துரு பிடித்த நட்டுக்கு அடியில் அந்த எர்த் உட்கார்ந்திருந்தால் அது எர்த்தே இல்லை.

உள்ளே எல்லாம் அடங்கிய பிறகு ப்ரீஆம்ப்பைச் செருகினால் மறுபடி 60, இடது பக்கம் மட்டும். ப்ளக்கை லேசாக அசைத்தால் குறைகிறது, விட்டால் கூடுகிறது. இன்புட் சாக்கெட்டின் வெளி வளையம் ரிவெட் அடித்த இடத்தில் கறுத்துப்போயிருந்தது. சாக்கெட்டை மாற்றியதும் அது போனது. இந்த வயது ஆம்ப்பில் இன்புட் சாக்கெட்டுகளைக் கேள்வியே கேட்காமல் மாற்றிவிடலாம், விலை ஒன்றுமேயில்லை.

கடைசியாக ஒன்று, டிவி பெட்டியும் ஆடியோவும் சேர்ந்திருக்கிற வீடுகளில் வருவது. கேபிள் டிவி வயர் வழியாக ஒரு எர்த், ஆம்ப்பின் மூன்று முனை ப்ளக் வழியாக இன்னொரு எர்த். இரண்டுக்கும் நடுவில் சுற்றிவரும் சின்னக் கரண்ட் சிக்னல் கேபிளின் வெளிவலையில் ஓடி ஹம் ஆகிறது. கேபிள் டிவி வயரைக் கழற்றினால் நின்றுவிட்டால் இதுதான் நோய், அந்த வயரில் எர்த்தைப் பிரிக்கிற ஒரு ஐசொலேட்டர் போட்டால் தீர்ந்தது. தயவுசெய்து எர்த் பின்னை உடைத்தோ டேப் சுற்றியோ இதைச் சரிசெய்யாதீர்கள். ஸ்டீரியோ 70 பிறந்தபோது இரண்டு முனை வயரோடுதான் வந்தது. உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிற ஒரு இரும்புப் பெட்டிக்கு எர்த் இல்லாமல் வீட்டில் குழந்தைகள் நடமாடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மூன்று முனை வயர் போட்டு எர்த்தைச் சேசிஸில் இறுக்குங்கள், பிறகு வருகிற ஹம்மை வேறு வழியில் தீருங்கள்.

ஸ்பீக்கரைக் கழற்றிய பிறகும் இரைச்சல் கேட்டால் அது ட்ரான்ஸ்ஃபார்மரின் உடம்பிலிருந்து வருவது. திருகுகளை இறுக்குங்கள், மேல்கூண்டு அதிர்கிறதா பாருங்கள். அதற்கும் அடங்காமல் பலமாக உறுமி, தொட முடியாத அளவு சூடும் ஏறினால் ட்ரான்ஸ்ஃபார்மரே போகிற நிலையில் இருக்கலாம், அது மட்டும்தான் பெரிய செலவு. பல வருடம் கிடந்த ஆம்ப்பை முதல்முறை ஆன் செய்யும்போது நம் எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கிற, ஒரு பல்பைத் தொடராகக் கோத்த சீரிஸ் போர்டு வழியாகச் செய்யுங்கள். பல்ப் முதலில் கொஞ்சம் எரிந்து மங்கினால் சரி, பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். அடிமூடியைத் திறந்தால் எதைத் தொடுவதற்கு முன்னாலும் கண்டென்சரில் மீட்டரை வைத்துப் பூஜ்யத்துக்கு வந்துவிட்டதா பாருங்கள், வால்வைக் கழற்றிவைத்திருந்தால் அந்த மின்சாரம் வடிய வழியே இருக்காது. இதில் தயக்கம் இருப்பவர்கள் வால்வு வேலை தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

முடிவில் என்ன கிடைத்தது? கம்பெனி சொன்ன கணக்கு முழு சத்தத்தைவிட ஹம் 90 டெசிபெல் கீழே இருக்கும் என்பது. 8 ஓமில் 35 வாட் என்றால் சுமார் 16.7 வோல்ட், அதற்கு 90 டெசிபெல் கீழே என்றால் ஏறத்தாழ அரை மில்லிவோல்ட். ஸ்பீக்கர் முனையில் 8 ஓம் ரெசிஸ்டர் போட்டு அளந்ததில் என் ஆம்ப்பின் இரண்டு பக்கமும் ஒரு மில்லிவோல்ட்டுக்குள் நின்றன. என் ஸ்பீக்கர்கள் சாதாரண உணர்திறன் உள்ளவை, ஹார்ன் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இதே அளவு கொஞ்சம் காதில் விழும்.

ஹம் போன பிறகு கேட்கிற பாட்டு, அதற்காகத்தான் இவ்வளவும். குரல் என்று வந்துவிட்டால் இந்த ஆம்ப்புக்கு ஈடு குறைவு. எம்.எஸ். மெதுவாக ஆலாபனை தொடங்கும்போது முதல் மூச்சிலிருந்தே தம்புரா தெளிவாகத் தனியாக நிற்கிறது. ஹம் இருந்தபோது அந்தத் தம்புராவின் அடி சுருதியும் 120 ஹெர்ட்ஸும் ஒன்றோடொன்று மோதி ஒரு அலைவு வந்துகொண்டேயிருந்தது, கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு அது சித்திரவதை. வயலினின் வில் இழுப்பு, நாகஸ்வரத்தின் கூர்மை எல்லாம் உறுத்தாமல் வருகின்றன. தவில், பேஸ் கிட்டார் மாதிரி அடி சத்தத்தில்தான் இறுக்கம் போதவில்லை, இப்போதைய ட்ரான்சிஸ்டர் ஆம்ப் கேட்டுப் பழகியவர்களுக்கு அது தளர்வாகத் தெரியும். பெரிய ஹாலில் கல்யாண வீட்டுச் சத்தம் வேண்டுமென்றால் இது அதற்கான ஆம்ப் இல்லை. எடையும் பதினான்கு கிலோவுக்குக் குறையாது, சூடும் அதிகம், மூடிய அலமாரிக்குள் வைக்கவே கூடாது.

வாங்கலாமா என்றால், மூன்று ட்ரான்ஸ்ஃபார்மரும் நன்றாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஹம் இருப்பதையே காரணமாகச் சொல்லி விலையைக் குறைத்துக் கேளுங்கள். ட்ரான்ஸ்ஃபார்மர் கருகிய வாடை அடித்தாலோ, அடியில் மெழுகு மாதிரி உருகி வழிந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இது 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர், ஏற்கெனவே சூடாக ஓடுவது. ஸ்டெப்டவுன் போட்டால் வோல்டேஜ்தான் குறையும், 50 ஹெர்ட்ஸ் மாறாது, அதில் இதன் இரும்பு காந்தத்தால் இன்னும் சீக்கிரம் நிரம்பி, சூடும் உறுமலும் கூடும். அதைச் சமாளிக்க வோல்டேஜை நூறுக்குக் கீழே இறக்கினால் வால்வு ஹீட்டர்கள் பட்டினி கிடக்கும். 110-ல் வைத்து, எர்த்தும் கடந்து வருகிற நல்ல ஸ்டெப்டவுனாக வாங்கிக் கொஞ்ச காலம் ஓட்டலாம். நிரந்தரமாக வைத்துக்கொள்வதென்றால் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்கு, 360-0-360, 5 வோல்ட் ஒன்று, நடு முனையோடு 6.3 வோல்ட் இரண்டு, பயஸுக்கு ஒரு டேப் என்று சொல்லி, நல்ல காயில் கட்டுகிறவரிடம் புதிதாக ஒன்று சுற்றி வாங்கிவிடுங்கள். பழையதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பின்னால் விற்கும்போது வாங்குகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.